பஸ் சாயும் பக்கம்

மன்னார்குடியில் மெஹர்நிஷா என்று ஒருவர் குழந்தைகளுக்குப் படப் புத்தகம் போட்டுவந்தார். படம் வரைவதும் அவரே, அச்சுக்கு அனுப்புவதும் அவரே. வயது முப்பத்தைந்து. அவரிடம் ஒரு சிஷ்யர் வந்து சேர்ந்தார். பெயர் பக்கிரிசாமி. வயது அறுபத்திரண்டு.

ஊரில் சிரித்தார்கள். பக்கிரிசாமி அதைச் சட்டை செய்யவில்லை.

"வித்தை அவங்ககிட்டதான இருக்கு? அப்ப நான்தான அங்க போவணும்?" என்பார். மெஹர்நிஷாவை வாய் நிறைய 'டீச்சர்' என்றுதான் கூப்பிடுவார்.

முப்பது வருஷம் பஸ் ஸ்டாண்டில் மைக் பிடித்தவர் அவர். எந்த வண்டி, எந்த ஊர், எந்த வழி என்பதை வண்டி உள்ளே நுழையும் முன்பே சொல்லி முடித்துவிடுவார். அம்மா இடுப்பில் உட்கார்ந்தபடி, குரல் எங்கிருந்து வருகிறது என்று அண்ணாந்து தேடிய பிள்ளைகளை மைக் கூண்டுக்குள்ளிருந்து எத்தனையோ பார்த்திருக்கிறார். அவர்களுக்குப் பஸ் நேரத்தை மட்டும் சொல்லிவிட்டுப் போய்ச் சேர்ந்துவிடக் கூடாது, ஒரு கதையாவது சொல்லிவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை.

அந்தக் கதையும் பிறந்தது. ஒரு மினி பஸ். ஒவ்வொரு நிறுத்தத்திலும் அது ஒரு பக்கமாகச் சாய்கிறது. 'சாஞ்சது பஸ்ஸு! யாரு ஏறினது?' அடுத்த படத்தில் விடை. முதலில் ஆடு, பிறகு வாத்துக் கூட்டம், எருமை, அப்படியே வளர்ந்து கடைசியில் யானை. டீச்சர் வரைந்துகொடுத்த படங்களைத் தாள் தாளாக எடுத்து வீட்டில் படித்துக் காட்டினார். அவர் சம்சாரம் சிரித்த சிரிப்பில் அடுப்பில் பால் பொங்கி வழிந்தது.

டீச்சரிடம் ஒரு வழக்கம் உண்டு. எந்தப் புத்தகமானாலும் அச்சுக்குப் போகும் முன் தெருக்கோடி அங்கன்வாடியில் அதைப் படிக்க வேண்டும். பிள்ளைகள் 'இன்னொரு தடவை' என்று கேட்க வேண்டும். கேட்காவிட்டால் அந்தப் புத்தகம் அந்த வருஷம் கிடையாது. இரண்டு முறை படித்துப் பார்க்கலாம், அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் ஐந்து மணிக்குப் படங்கள் அச்சகத்துக்குப் போக வேண்டும். காலை பத்து மணிக்கே பக்கிரிசாமி வெளுத்த வேட்டியும் மாதிரிப் புத்தகமுமாக அங்கன்வாடியில் இருந்தார். தாள்களை முதுகுக்கு முதுகு ஒட்டி, ஓரத்தில் பின் அடித்து அவரே செய்த புத்தகம் அது. இருபது பிள்ளைகள் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

தலைப்பைக் காட்டினார். பக்கத்தைத் திருப்பினார். மைக்கில்லாமலே ஓடு அதிர்கிற குரலில் ஆரம்பித்தார்.

"சாஞ்சது பஸ்ஸு! யாரு ஏ..."

"ஆடு" என்றாள் இதழினி. வயது மூன்றரை.

"இரும்மா. தாத்தா கேட்டு முடிச்சப்புறம் சொல்லணும்."

அடுத்த பக்கத்தைத் திருப்பினார். வாயை இன்னும் திறக்கவில்லை.

"வாத்து" என்றாள் இதழினி, மூக்கை நோண்டிக்கொண்டே.

யானை வந்தபோது பாதிப் பிள்ளைகள் உத்தரத்தில் பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். புத்தகம் முடிந்தது. யாரும் எதுவும் கேட்கவில்லை. ஒரு பிள்ளை மட்டும் தண்ணீர் கேட்டது.

பக்கிரிசாமி டீச்சரின் அறைக்குத் திரும்பி வந்தார். நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"வீட்டுல படிச்சப்ப நல்லா இருந்துச்சே டீச்சர். அதே கதை, அதே படம். அங்கன்வாடியில ஏன் செத்துப்போச்சு?"

டீச்சர் மாதிரிப் புத்தகத்தை வாங்கி மேஜையில் விரித்துவைத்தார். இடது பக்கம் சாய்ந்த பஸ். வலது பக்கம் பஸ்ஸுக்குள் ஆடு. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் பளிச்சென்று கிடந்தன. பக்கிரிசாமி குனிந்து பார்த்தார். ஆடு அழகாகத்தான் இருந்தது.

"எழுத்தைப் பெருசு பண்ணணுமா?"

டீச்சர் தலையசைத்து மறுத்தார்.

"குரலை ஏத்தணுமா?"

"ஐயோ, வேணாம் சார்."

டீச்சர் எழுந்து போய்ப் படங்களுக்கு இன்னொரு நகல் எடுத்துவந்தார். அடுக்கை நேராகத் தட்டிவைத்தார். அதன் தலையில் ஒரு வெள்ளைத்தாளை வைத்தார். பிறகு மேலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து முதுகுக்கு முதுகு ஒட்ட ஆரம்பித்தார்.

"முதல்ல ஒரு வெள்ளைத்தாளா? அதுல என்ன போடப்போறீங்க?"

"ஒண்ணும் போடல."

பக்கிரிசாமி அந்த வெள்ளைத்தாளை விரலால் தொட்டுப் பார்த்தார். மைக்கில் பத்து நொடி சத்தம் வராவிட்டால் மேனேஜர் மாடிப்படி இறங்கி ஓடிவருகிற இடத்தில் வேலை பார்த்தவர் அவர்.

"கதையில மாத்தம்?"

"இல்ல."

"படத்துல?"

"இல்ல சார். மூணு மணிக்குப் பிள்ளைங்க தூங்கி எழுந்திருப்பாங்க. போய்ப் படிங்க."

"எந்த அங்கன்வாடில?"

"அதேதான்."

பக்கிரிசாமி எழுந்தே நின்றுவிட்டார்.

"டீச்சர், அதுங்களுக்கு ஆடுலேருந்து யானை வரைக்கும் அத்தனையும் தெரியும். பதில் தெரிஞ்ச பிள்ளைங்ககிட்டயே கேள்வி கேட்டா என்ன பிரயோசனம்? பெரிய கடைத்தெரு பக்கம் இன்னொரு அங்கன்வாடி இருக்கு. ஆட்டோவுல பத்தே நிமிஷம். இது என் கடைசி வாய்ப்பு டீச்சர்."

டீச்சர் கடைசித் தாளை ஒட்டி, ஓரத்தில் பின் அடித்து, புத்தகத்தை அவர் கையில் கொடுத்தார்.

"பசை காயட்டும். போய்ச் சாப்பிட்டு வாங்க."

அவருக்குச் சோறு இறங்கவில்லை. மூன்று மணிக்குப் போனபோது பிள்ளைகள் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தார்கள். இதழினி கன்னத்தில் பாய்க்கோடு. புத்தகத்தைப் பார்த்ததும் அவள் கொட்டாவி விட்டாள்.

டீச்சர் வாசலோரம் நின்றுகொண்டார். பக்கிரிசாமி வெள்ளைப் பக்கத்தை வேகமாகத் தள்ளிவிட்டார். உடனே இடது பக்கத்தில் தலைப்பு விரிந்தது. வலது பக்கத்தில் பஸ் சாய்ந்து நின்றது. ஆட்டைக் காணோம்.

ஆட்டைத்தான் அவர் முதலில் தேடினார். பிறகு அவருக்குப் புரிந்தது. அது இந்தத் தாளுக்குப் பின்னால் இருக்கிறது. விரல் தானாகவே தாளின் மூலைக்குப் போயிற்று.

"சாஞ்சது பஸ்ஸு" என்றார். குரல் இறங்கி ரகசியம் போல வந்தது. "யாரு... ஏறினது?"

இதழினி பாதிக் கொட்டாவியில் வாயை மூடினாள். அவர் மூலையை மெல்லத் தூக்கினார். இருபது தலைகளும் ஒரே பக்கமாகச் சாய்ந்து தாளுக்கு அடியில் எட்டிப் பார்த்தன.

"ஆடு! ஆடு!"

திருப்பினார். ஆடுதான். பிள்ளைகள் குதித்தார்கள். குதித்து முடிக்கும் முன் எதிர்ப்பக்கத்தில் பஸ் இன்னொரு முறை சாய்ந்திருந்தது. "வாத்துடா!" என்றது ஒரு குரல். "வாத்து இல்ல, எருமை!" என்றது இன்னொன்று. காலையில் பார்த்தது பலருக்கு நிச்சயமாக இல்லை. நிச்சயமாகத் தெரிந்தவர்களுக்கோ இருப்புக் கொள்ளவில்லை. இதழினி எழுந்து அவர் மடியருகே வந்து தாளின் மூலையைத் தானே பிடித்துக்கொண்டாள்.

"நாந்தான் திருப்புவேன்!"

"இரு, இரு, கேட்டுக்கிறேன்!" என்று பக்கிரிசாமி கத்தினார். வேட்டியை ஒரு பயல் மிதித்துக்கொண்டிருந்தான். அதை அவர் கவனிக்கவில்லை.

கடைசி நிறுத்தத்தில் பஸ் குடைசாயும் அளவுக்குச் சாய்ந்தது. அறை கப்சிப்பென்று ஆயிற்று. இதழினி மூலையைப் பிடித்தபடி திருப்பாமலே நின்றாள். அவள் முகம் சிவந்துவிட்டது. பக்கிரிசாமியும் மூச்சை அடக்கிக்கொண்டார். அவள் திருப்பினாள்.

"யானேஏஏஏ!"

சத்தம் தெருவுக்குக் கேட்டது. சமையல்கார அம்மா கரண்டியோடு ஓடிவந்து பார்த்தார். புத்தகத்தை மூடுவதற்குள் அவர் மடியில் நான்கு பிள்ளைகள் ஏறியிருந்தார்கள்.

"இன்னொரு தடவை! தாத்தா, இன்னொரு தடவை!"

நான்கு தடவை படித்தார். நாலரை மணிக்குத்தான் விட்டார்கள்.

தெருவில் டீச்சரோடு நடக்கும்போது அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. படங்கள் அச்சகத்துக்குப் போகும். நவம்பருக்குள் புத்தகம் வந்துவிடும். ஆனாலும் ஒரு கேள்வி அவரைக் குடைந்தது. வழியில் ஒரு வேப்பமரத்தடியில் நின்றுவிட்டார்.

"வெள்ளைத்தாளை முன்னால வச்சு எல்லாத்தையும் ஒரு பக்கம் தள்ளினது புரிஞ்சுபோச்சு டீச்சர். ஒண்ணுதான் புரியல. நாலாவது தடவை படிச்சப்ப யானைன்னு அத்தனை பேருக்கும் மனப்பாடம். தெரிஞ்ச பதிலுக்கு ஏன் இந்தத் துடி துடிக்குதுங்க?"

டீச்சர் அவர் கையிலிருந்த புத்தகத்தை வாங்கிக் கடைசி நிறுத்தத்தைத் தேடி எடுத்தார். குடைசாய இருந்த பஸ்ஸை அவர் பக்கம் காட்டிப் பிடித்தார்.

"யாரு சார் ஏறினது?"

முப்பது வருஷப் பழக்கம். பக்கிரிசாமி பதில் சொல்ல வாயைத் திறந்தார். திறந்தபோதே அவருடைய வலது கை முந்திக்கொண்டு தாளின் மூலையைப் பிடித்திருந்தது. கதையை எழுதியவரே அவர்தான்.

"சொல்லாதீங்க சார்" என்றார் டீச்சர். "திருப்புங்க."