தவசிலிங்கம் அண்ணாச்சியின் எரியாத சவரம்

கோழித்தீவனம் விற்கிற மனிதருக்கு ரயிலில் சவரக்கத்தி எதற்கு என்று அந்தப் பெட்டியில் யாருமே கேட்கவில்லை. நான்தான் கேட்டேன். கேட்டது தப்பு. விழுப்புரத்திலிருந்து தாம்பரம் வரை அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டே வந்தார் தவசிலிங்கம் அண்ணாச்சி.

முதலில் எங்கள் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். என் அண்ணன் கொம்பையாவுக்கு அன்று பகல் சென்னையில் நேர்முகத் தேர்வு. பெரிய ஓட்டல், வரவேற்பு மேசை வேலை. முகம் மழமழவென்று இருக்க வேண்டும், ஒரு முள் தெரியக்கூடாது என்று போனிலேயே கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். அண்ணனுக்கோ கத்தி பட்டால் போதும், கழுத்தெல்லாம் சிவந்து பொரி பொரியாக எழும்பிவிடும். போன முறை அப்படியே ஒரு நகைக்கடைக்கு வேலை கேட்டுப் போனான். "தம்பிக்கு அம்மை போட்டிருக்கா?" என்று கேட்டு வாசலோடு அனுப்பிவிட்டார்கள்.

அதனால் இந்த முறை சென்னையில் நண்பன் அறையில் குளித்து, நிதானமாகச் சவரம் செய்துகொண்டு போவதாகத் திட்டம். தண்டவாள வேலை என்று ரயில் இரவெல்லாம் அங்கங்கே படுத்துக்கொண்டது. விடிந்து வெயில் ஏறிய பிறகுதான் விழுப்புரமே வந்தது. எழும்பூரில் இறங்கினால் நேரே ஓட்டலுக்கு ஓட வேண்டியதுதான். சவரம் ரயிலிலேயே நடந்தாக வேண்டும். அண்ணன் ரேசரையும் புது பிளேடையும் மடியில் வைத்துக்கொண்டு, பல் பிடுங்கப் போகிற பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தான்.

எதிர் இருக்கையில்தான் அண்ணாச்சி. விருதுநகர்ப் பக்கம். ராத்திரியே தன் தீவனத்தைத் தின்ற கோழி இரண்டு ஊர் தாண்டிப் பறந்த கதையை எல்லோருக்கும் சொல்லி முடித்திருந்தார்.

"தம்பிக்குத் தோல் எரிச்சலோ? விடுங்க கவலைய" என்று கைப்பையைத் திறந்து, துணியில் சுற்றிய மடக்குக் கத்தியை எடுத்தார். "என் கை பட்ட மூஞ்சிக்கு எரிச்சல்னா என்னன்னே தெரியாது."

"கோழித்தீவன வியாபாரம்னுதானே சொன்னீங்க அண்ணாச்சி? கத்தி எதுக்கு?"

"வியாபாரம் வயித்துக்குத் தாயி. இது வரம்."

நான் பல்கலைக்கழகத்தில் தத்துவம் படிக்கிறேன். வீட்டில் அதற்கு 'வாயாடப் படிக்கிறா' என்று பெயர். ஆதாரமில்லாத பேச்சைக் கேட்டால் எனக்கு உள்ளங்கை அரிக்கும். அவருடைய கட்டைவிரலில் பெரிய கட்டு ஒன்று இருந்தது.

"விரல்ல என்ன அண்ணாச்சி?"

"கத்தி பட்டுருச்சு."

"எரியலையா?"

"மூஞ்சிக்குத்தான எரியாதுன்னேன்? விரலுக்கு நான் எப்பத் தாயி உத்தரவாதம் குடுத்தேன்?"

அண்ணன் சிரித்துவிட்டான். எனக்கு அதுதான் பயம். அவன் யாரைப் பார்த்துச் சிரிக்கிறானோ அவர்களை நம்பிவிடுவான். இப்படித்தான் ஒருமுறை சிரித்துக்கொண்டே ஓடாத பைக் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தான்.

"எங்க சின்ன மச்சினனுக்கு ஒரு நா வழிச்சுட்டிருக்கேன்" என்று தொடங்கினார் அண்ணாச்சி. "கன்னத்துல ஒரு கொசு. நல்லா உக்காந்து குடிச்சிட்டிருக்கு. விரட்டுனா இவன் அசைவான், கீறிரும். நான் என்ன பண்ணேன், கொசுவச் சுத்தி வழிச்சேன். அது தலை நிமிந்து பாக்கணுமே! குடிச்சு முடிச்சு எந்திரிக்கப் பாத்தா முடியல. கன்னம் அம்புட்டு வழவழப்பு, கால் வழுக்குது. பாவம்னு நான்தான் ஊதி விட்டேன்."

ஜன்னலோரம் டீ குடித்துக்கொண்டிருந்தார் செண்பகத்தக்கா. கடையநல்லூரிலிருந்து மகள் வீட்டுக்குப் போகிறவர். "கொசுவுக்கு மீசை இருந்துச்சா?" என்றார்.

"இருந்துச்சுக்கா. அதையும் லேசா ஒதுக்கி விட்டேன்."

"கொசு உங்களுக்குச் சாட்சி சொல்ல வராது அண்ணாச்சி" என்றேன். "மனுஷ சாட்சி யாராவது உண்டா?"

"ஏன் இல்ல? எங்க பெரிய மச்சான் போலீஸ் ஏட்டு. அருவா மீசை. மத்தியானம் சோத்தத் தின்னுட்டுக் கட்டில்ல குறட்டை விட்டுட்டிருக்காரு. எனக்குக் கை சும்மா இருக்கல. தாடிய வழிச்சேன், அப்படியே மீசையையும் சேத்து எடுத்துட்டேன். குறட்டை கொஞ்சம்கூடச் சுதி மாறல. எந்திரிச்சாரு, ஸ்டேஷனுக்குப் போயிட்டாரு. ஒரு வாரம் தாயி! இல்லாத மீசைய முறுக்கிக்கிட்டே திரிஞ்சாரு. எரிஞ்சாத்தான எடுத்தது தெரியும்? திருடனுங்களும் அந்த வெறும் முறுக்கலப் பாத்தே உண்மைய ஒத்துக்கிட்டானுங்க."

"ஒரு வாரமா அவர் கண்ணாடியே பாக்கலையா?"

"பாத்தாரே. கண்ணாடிக்கும் தெரியல. பழக்கத்துல மீசையோடயேதான் காட்டுச்சு."

செண்பகத்தக்கா டீயைச் சிந்திவிட்டார். நான் சிரிக்கவில்லை. கண்ணாடிக்குப் பழக்கம் உண்டு என்பவரிடம் மேற்கொண்டு என்ன வாதம் செய்வது? ஆனாலும் விடுவேனா. "சரி, வித்தை என்ன? சும்மா கத்திய வெச்சு இழுத்தா எரியத்தான் செய்யும். தோல் என்ன, மச்சான் உறவெல்லாம் பாக்குமா?"

"முடி போற போக்குலயே கத்தியும் போகணும். அம்புட்டுதான். எதுக்கப் போனா எரியும்."

அடடா, ஒரு உண்மை வந்துவிட்டதே என்று நான் ஆச்சரியப்பட்டு முடிப்பதற்குள் அதற்கு வால் முளைத்தது.

"ரயில்ல அது இன்னும் சுளுவு. வண்டி எந்தப் பக்கம் போகுதோ அந்தப் பக்கமாத்தான் முடி சாயும். விழுப்புரம் தாண்டிட்டா இந்தியாவுல உள்ள எல்லாத் தாடியும் மெட்ராஸப் பாத்துத்தான்."

"அண்ணாச்சி, நாங்க எஞ்சினுக்கு முதுகு காட்டி உக்காந்திருக்கோம்."

"அதாந் தாயி உங்க அண்ணனுக்கு எரியுது! இம்புட்டு நாளா எதிர் சீட்டுல உக்காந்து வந்திருக்காரு."

அண்ணன் எழுந்து அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். பட்டம் படித்தவன். என்னோடு ஒரே வீட்டில் வளர்ந்தவன். எனக்கு வந்த ஆத்திரத்தில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"அண்ணே, உனக்கு என்ன ஆச்சு? முடி எஞ்சினப் பாத்தா முளைக்கும்?"

"சும்மா இரு பாப்பா. அனுபவசாலி சொல்றாருல்ல."

அனுபவசாலி! அந்த வார்த்தை போதும், அண்ணாச்சிக்கு நெஞ்சு ஒரு சாண் அகன்றது. குற்றாலத்து மலையிலிருந்து ஒரு கரடி தன்னைத் தேடி வந்த கதையை எடுத்தார். வெயிலுக்குத் தாங்காமல் உடம்பெல்லாம் அரிப்பாம். பாறையில் உட்காரவைத்து, அருவித் தண்ணீரில் ஊறவைத்து, முடி போற போக்கில் உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை வழித்துவிட்டாராம். ஒரு கீறல் இல்லை. கரடி சுகத்தில் கண் சொக்கி, அவருக்கு ஒரு தேனடை கொடுத்துவிட்டு, வெட்கத்தில் காட்டுக்குத் திரும்பாமல் கீழே ஊருக்குள் இறங்கிவிட்டதாம்.

"ஊருக்குள்ள போனா, ஜனங்க கண்டுபிடிச்சிருப்பாங்களே?"

"எப்படிக் கண்டுபிடிப்பாங்க? வேட்டி கட்டிருச்சு. இப்ப ரேஷன் கார்டு இருக்கு. ஓட்டு இருக்கு. கொஞ்சம் முன்கோபம், அம்புட்டுதான். எங்க தெருவுலயே அதைவிட மோசமான ஆளுங்க இருக்காங்க."

"எங்க தெருவுலயும் இருக்காங்க" என்றார் செண்பகத்தக்கா.

"மிருகத்தை விடுங்க. இது மனுஷத் தோலு, அதுவும் மெல்லிசு. இவனுக்கு வெயில் பட்டாலே சிவந்துபோகும்" என்றேன்.

"மெல்லிசா?" அண்ணாச்சி என்னைப் பார்த்த பார்வையில் அவ்வளவு பரிதாபம். "முட்டைக்குள்ள இருக்கிற குஞ்சவிடவா மெல்லிசு? நம்ம பண்ணைக்காரர் ஒருத்தரு பந்தயம் கட்டுனாரு. ஓடு உடையாம உள்ள இருக்கிற குஞ்சுக்குச் சவரம் பண்ணேன். பொரிஞ்சு வரும்போதே மழமழன்னு வந்துச்சு. தாய்க்கோழி அதப் பாத்துட்டு, இது எம்புள்ள இல்லன்னு சொல்லிருச்சு."

"கத்தி உள்ள எப்படிப் போச்சு?"

"கூர்மையான கத்திக்கு வழி எதுக்குத் தாயி?"

இதற்குள் அண்ணன் கழுத்தைச் சுற்றித் துண்டு ஏறியிருந்தது. அண்ணாச்சி அவன் மோவாயை இரண்டு விரலால் நிமிர்த்தினார். கத்தியை விரித்தார். சோப்பு இல்லை, தண்ணீர் இல்லை. வரத்துக்கு அதெல்லாம் வேண்டாமாம். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டான். வரவேற்பு மேசைக்குப் பின்னால் கோட்டுப் போட்டு நிற்கிற தன்னைக் கற்பனை செய்துகொண்டிருந்திருப்பான். எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்தக் கட்டைவிரல் கட்டுதான்.

வண்டி ஒரு குலுக்குக் குலுக்கியது.

கத்தி அண்ணன் தொண்டையை விட்டு விலகி, துண்டின் ஓரத்தை ஒரு சாண் நீளத்துக்குக் கிழித்துக்கொண்டு போனது. சத்தமே இல்லை. நான் பாய்ந்து அண்ணாச்சியின் மணிக்கட்டைப் பிடித்தேன். அண்ணன் கண்ணைத் திறந்து துண்டைப் பார்த்தான். முகம் வெளுத்துப்போயிற்று.

"பாத்தீங்களா" என்றார் அண்ணாச்சி, கொஞ்சமும் அசராமல். "துண்டுக்கு வலிச்சுதா? கேட்டுப் பாருங்க."

"கேக்குறேன் அண்ணாச்சி. மொதல்ல கத்திய மடக்குங்க."

மடக்கிவிட்டார். என் பிடி அப்படி.

இதற்குள் வண்டி வழக்கப்படி ஏதோ ஒரு சின்ன ஸ்டேஷனில் நின்று, இனிமேல் நகர்வதாக உத்தேசமில்லை என்பதுபோல் எஞ்சினைத் தணித்துக்கொண்டது. நான் அண்ணனை வாஷ்பேசின் பக்கம் இழுத்துக்கொண்டு போனேன்.

"கழுத்தைத் தடவிப் பாரு. எந்தப் பக்கமாத் தடவுனா குத்துது?"

தடவினான். மேலே தடவினால் குத்தியது. கீழே தடவினாலும் கொஞ்சம் குத்தியது. காதுப் பக்கமாகத் தடவினால் மட்டும் பூனை முதுகு மாதிரி படிந்தது. அவன் கழுத்து முடி பக்கவாட்டில் முளைத்திருந்தது. பள்ளிக்கூடம் முடித்த நாளிலிருந்து அந்த மனிதன் அதைக் கீழிருந்து மேலாக, பளபளப்பு வரட்டும் என்று ஒன்றுக்கு இரண்டு முறை, அழுத்தி அழுத்திச் சுரண்டியிருக்கிறான். தன் கழுத்தில் என்ன எந்தப் பக்கம் முளைக்கிறது என்று ஒருமுறைகூடத் தடவிப் பார்த்ததில்லை. ஆம்பிளைகளுக்கு இதையெல்லாம் யார் போய்ச் சொல்வது? சொன்னால் கேட்பார்களா? கொசு சொன்னால் கேட்பார்கள்.

டீக்காரரிடம் ஒரு தம்ளர் வெந்நீர் வாங்கி, துணியை நனைத்துக் கொடுத்தேன். அவன் முகத்தில் ஒற்றி ஒற்றி முள்ளை ஊறவைத்தான். சோப்பை நுரைக்கவிட்டுப் பூசினான். புது பிளேடு. கன்னத்தில் கீழ்நோக்கி, கழுத்தில் காதுப் பக்கமாக, அழுத்தாமல், ஒரே ஒரு இழுப்பு. "இன்னொரு தடவை இழுக்கட்டா?" என்றான். "கைய ஒடிப்பேன்" என்றேன். கடைசியில் பச்சைத் தண்ணீரில் முகத்தைக் கழுவி, துடைக்காமல் ஒற்றியெடுத்தான்.

திரும்பி வந்து உட்கார்ந்தோம். வண்டி கிளம்பியது. நான் அவன் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். செங்கல்பட்டு வந்தது. சிவக்கவில்லை. பெரிய ஏரி ஒன்று ஜன்னலில் போயிற்று. ஒரு பொரி எழும்பவில்லை. செண்பகத்தக்கா அவன் கன்னத்தை உற்றுப் பார்த்து, "மாப்பிள கணக்கா இருக்கியேப்பா" என்றார். அண்ணன் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. (வேலையும் கிடைத்தது. இது அண்ணாச்சி காதுக்கு எட்டினால் அதுவும் அவர் கணக்கில்தான் ஏறும் என்பதால் இங்கே மெதுவாகச் சொல்லிக்கொள்கிறேன்.)

அண்ணாச்சி அவ்வளவு நேரம் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருந்தார். மனம் வருந்துகிறார் போலிருக்கிறது என்றுகூட நினைத்தேன். எனக்கும் அவ்வப்போது புத்தி மழுங்கும்.

தாம்பரம் நெருங்கும்போது தொண்டையைச் செருமிக்கொண்டார். எதிர் வரிசை, பக்கத்து வரிசை எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"எல்லாரும் பாத்தீங்கள்ல? இதுதான் என் கடைசி வித்தை. இதுவரைக்கும் யாருக்கும் செஞ்சு காட்டல. தம்பிய நான் தொடவே இல்ல. கத்தியத் திறக்கவே இல்ல. இங்க உக்காந்த இடத்துலயே, மனசுலயே வழிச்சு விட்டேன். மூஞ்சியப் பாருங்க, எங்கயாச்சும் ஒரு எரிச்சல் இருக்கா?"

அண்ணன், என் கூடப் பிறந்த அந்த அப்பாவி, கன்னத்தைத் தடவிக்கொண்டே நன்றி சொல்ல வாயெடுத்தான். நான் அவன் காலை மிதித்தேன். வெந்நீர் வாங்கியது யார், துணி பிடித்தது யார் என்று அடுக்கலாம்தான். ஆதாரத்தோடு பேசி இந்த மனிதரை யார் ஜெயித்திருக்கிறார்கள்? கண்ணாடியாலேயே முடியவில்லை.

"அண்ணாச்சி சொல்றது நூத்துக்கு நூறு உண்மை" என்றேன். பெட்டியே என் பக்கம் திரும்பியது. "எனக்கும்தான் வழிச்சு விட்டிருக்காரு. தென்காசியில வண்டி ஏறும்போது எனக்கு நல்ல அடர்த்தியா தாடி. இவர் பேசப் பேச உதிர்ந்துபோச்சு. இங்க பாருங்க, ஒரு கீறல் இல்ல."

செண்பகத்தக்கா என் மோவாயைத் தொட்டுப் பார்த்தார். "ஆமா, ராத்திரி பாத்தேன். இப்பக் காணோம்" என்றார்.

அண்ணாச்சி முன்னால் சாய்ந்து, தொழில்காரர் தொழில்காரரிடம் கேட்கிற குரலில் கேட்டார்: "தாடி எம்புட்டு நீளம் இருந்துச்சு தங்கச்சி?"

"நான் அளந்ததில்ல அண்ணாச்சி. ஆனா நேத்து நீங்க மேல் பெர்த்துக்கு ஏறினீங்களே, ஏணின்னு நெனச்சா அதைப் பிடிச்சீங்க?"