முகமும் காட்டாமல் முதுகும் காட்டாமல்

நண்டும் கொக்கும் ராஜசபையில் உத்தியோகம் பார்த்த காலம் அது. அப்போதெல்லாம் நண்டும் நம்மைப் போல நேராகத்தான் நடக்கும்.

ராஜா மருதவேந்தனுக்கு ஒரு நாள் மூக்கு நுனியில் கட்டி வந்துவிட்டது. மிளகாய்ப் பழம் மாதிரி சிவப்பு. பக்கத்தில் நின்ற கொக்கு மந்திரி காதில் ஓதியது.

"எதிரே வருகிறவன் கட்டியைப் பார்ப்பான் மகாராஜா. முதுகைக் காட்டிப் போகிறவன் சிரிப்பான், நமக்கே தெரியாது."

"அப்படியானால் இனி எனக்கு யாரும் முகமும் காட்டக் கூடாது, முதுகும் காட்டக் கூடாது. காட்டினால் காலை ஒடித்துவிடுவேன்."

அப்புறம் யார் உள்ளே போவார்கள்? ராஜா சொன்னால்தான் ஏரி மதகைத் திறப்பார்கள். உள்ளே போய் அவரிடம் கேட்க ஆளில்லை. வாய்க்கால் வற்றிக்கொண்டே வந்தது. கொக்குக்கு வேண்டியதும் அதுதான். தண்ணீர் போனால் மீனையும் நண்டுக் குஞ்சையும் குனிந்து பொறுக்க வேண்டியதுதானே!

நண்டு மந்திரி நல்லகண்ணுவுக்கு அந்த வாய்க்காலில் நாற்பது பிள்ளைகள். அது விறுவிறு என்று அரண்மனைக்கு வந்தது.

"வேண்டாம்ப்பா," என்றான் வாசல் காவலன். "மத்தவங்களுக்கு ரெண்டு காலோட போகும். உனக்கு எல்லாக் காலும் போயிடும்."

"ஒடிக்கிறவருக்குத்தான் கை வலிக்கும். வழியை விடுங்கண்ணே."

உள்ளே நுழைந்ததும் நண்டு ஒரு பக்கமாகத் திரும்பி நின்றது. வழி தெரிய வேண்டுமே? கண் இரண்டையும் குச்சி மாதிரி வெளியே நீட்டிக்கொண்டது. பிறகு பக்கவாட்டிலேயே கிடுகிடுவென்று ராஜாவிடம் போனது.

"என்ன நடை இது?" என்றார் ராஜா.

"முகம் அந்தச் சுவரைப் பார்க்குது. முதுகு இந்தச் சுவரைப் பார்க்குது. உங்களுக்கு என் விலா மட்டும்தான் மகாராஜா."

ராஜாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மூக்கு வலிக்க வலிக்கச் சிரித்தார். "உனக்கு என்ன வேணும், கேள்."

"மதகைத் திறக்கணும். என் பிள்ளைங்க சேத்துல கிடக்குதுங்க."

"இப்போதே திறக்கச் சொல்."

"நான் குட்டைக்கால்காரன். கொக்கு மந்திரி போனா சீக்கிரம் ஆகும். உத்தரவுக்கு யோசனை சொன்னதும் அவர்தானே, நடக்கத் தெரியாமலா இருக்கும்?"

"சரி, நீ போ," என்றார் ராஜா, பக்கத்திலேயே நின்ற கொக்கைப் பார்த்து.

கொக்கு ஒரு காலைத் தூக்கியது. முன்னால் வைத்தால் முதுகு தெரியும். திரும்பிப் பின்னால் வைத்தால் முகம் தெரியும். பறந்தாலும் முதுகு முதுகுதானே? நண்டு மாதிரி பக்கவாட்டில் நடக்கப் பார்த்தது. நெட்டைக் கால் இரண்டும் பின்னிக்கொண்டன.

"பாவம், யோசிக்கட்டும்," என்று சொல்லிவிட்டு நண்டே பக்கவாட்டில் போய் மதகைத் திறக்க வைத்தது. வாய்க்கால் நிரம்பியது. பிள்ளைகளும் அப்பாவைப் பார்த்து அதே நடையைப் பழகிக்கொண்டன.

கொக்கு? நம் வயலில் போய்ப் பாருங்கள். தூக்கின காலை எங்கே வைப்பது என்று இன்னும் யோசித்துக்கொண்டுதான் நிற்கிறது.