கத்தரீனாளின் கால்

"புண்ணு ஆறிக்கிட்டு வந்துச்சு சிஸ்டர்," என்றார் இஞ்ஞாசி. "நேத்துதான் ஓரத்துல புதுத்தோல் கட்டியிருந்துச்சு. இன்னைக்கு ஆளே போயாச்சு. இத்தனை நாள் பார்த்த பாடெல்லாம் எதுக்கு?"

சிஸ்டர் அமலோற்பவம் வெந்நீர் கொண்டுவரச் சொன்னார்.

கத்தரீனாள் கட்டிலில் கிடந்தாள். பஸ் ஸ்டாண்டில் கால் அழுகிக் கிடந்தவளை யாரோ ஆட்டோவில் ஏற்றி, கன்னியர் நடத்தும் இந்த இல்லத்து வாசலில் இறக்கிவிட்டுப் போனார்கள். அதன்பிறகு அவளைத் தேடி ஒருவரும் வரவில்லை. இனி வரப்போவதும் இல்லை.

இஞ்ஞாசியும் போக்கிடம் இல்லாமல் வந்தவர்தான். மகனைப் பறிகொடுத்த பிறகு, சொந்தக்காரர்களின் ஆறுதல் பேச்சைக் காது பொறுக்கவில்லை. செத்தவர்கள் எழுந்திருப்பார்கள் என்பது நிஜமா என்று கேட்கத்தான் இங்கே வந்தார்.

சிஸ்டர் அவரைவிட ரொம்ப இளையவர். கேள்வியைக் கேட்டுக்கொண்டார். கட்டுத்துணிச் சுருள் ஒன்றை அவர் கையில் கொடுத்து, கத்தரீனாளின் காலைக் காட்டினார்.

அவ்வளவுதான் உபதேசம்.

வெந்நீர் வந்தது. சிஸ்டர் விரலை விட்டுப் பார்த்து, கொஞ்சம் பச்சைத் தண்ணீர் விளாவினார்.

"செத்த உடம்புக்குச் சூடு தெரியுமா சிஸ்டர்?"

"தெரியாது."

முகத்தைத் துடைத்தார். கக்கத்தைத் துடைத்தார். சிக்கெடுத்துத் தலை சீவினார். நகங்களை வெட்டினார். பிறகு காலில் இருந்த பழைய கட்டை அவிழ்த்து, புண்ணைக் கழுவி, மருந்து தடவி, புதுத்துணிக்குக் கை நீட்டினார்.

இஞ்ஞாசிக்குக் கோபம் வந்துவிட்டது.

"சாயங்காலம் குழியில இறக்கப் போறோம். யாருக்கு இந்த மருந்து? புழுவுக்கா?"

"எழுந்திருக்கும்போது அவங்களுக்கு இந்தக் கால் திரும்ப வேணும்," என்றார் சிஸ்டர்.

வெளியே மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது.

இஞ்ஞாசி துணியைக் கொடுத்தார். காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். தொட்டாலே வலியில் வெடுக்கென்று இழுத்துக்கொள்கிற கால். இன்று பேசாமல் அவர் கையில் கிடந்தது.

"என் மகனை யாரும் கழுவலை," என்றார்.

சிஸ்டர் கட்டுப் போட்டுக்கொண்டே இருந்தார்.

"பட்டாசு ஆலையில அவன் இருந்த ரூம்தான் வெடிச்சது. கழுவ எதுவும் மிஞ்சலை. பெட்டியில ஆணி அடிச்சுக் குடுத்தாங்க. திறக்கக் கூடாதுன்னுட்டாங்க. உள்ள வெறும் மண்ணுதான் இருந்துச்சோ என்னமோ. அவனுக்கும் திரும்ப வேணும்னா, எதை எடுத்துக் குடுப்பாரு உங்க ஆண்டவரு?"

சிஸ்டர் கட்டின் நுனியை முடிந்தார்.

"முதல் தடவை மனுசனைப் பண்ணும்போது மட்டும் மண்ணைத் தவிர என்ன இருந்துச்சு அண்ணே?"

இஞ்ஞாசி காலை மெல்லக் கட்டிலில் இறக்கி வைத்தார்.

"நீங்க மெய்யாவே நம்புறீங்களா?"

"சில நாள் முடியறதில்ல," என்றார் சிஸ்டர். "அன்னைக்கும் நகம் வெட்டிவிடுவேன்."

வெள்ளைச் சேலை கட்டி, இருவருமாகத் தூக்கிப் பெட்டியில் வைத்தார்கள். கனமே இல்லை. சிஸ்டர் பெட்டியருகே முழங்காலில் நின்றார். இஞ்ஞாசி நிற்கவா, போகவா என்று தெரியாமல் சுவரோரம் சாய்ந்திருந்தார்.

"தம்பி பேரு என்ன அண்ணே? நீங்க சொன்னதே இல்ல. இவங்க பேரோட சேர்த்துச் சொல்லி செபிக்கணும்."

மகனின் பெட்டி வந்த நாளிலிருந்து அந்தப் பெயர் அவர் வாயில் வந்ததில்லை. வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது.

மறுபடி திறந்தார். இந்த முறை, பள்ளிக்கூடத்துக்கு நேரமாகியும் போர்வைக்குள் சுருண்டு கிடந்த பையனை எழுப்புகிற குரல் வந்தது.

"ஏலே, மிக்கேலு."