ஆறாம் டப்பா எந்தப் பக்கம்

அன்று மண் ஆய்வு நிலையத்தின் கணினி அறையில் இருந்தவர்கள் நான்கு பேர். ஆய்வை நடத்தும் காந்திமதி. மின்வாரியத்தில் ஓய்வு பெற்றபின் அவரிடம் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்த பரஞ்சோதி. ஆசிரியரைவிட இருபது வயது மூத்தவர். நெல் விவசாயி செல்லக்கண்ணு. அவர் வயலை ஒட்டி இறால் குட்டை வைத்திருக்கும் தனராஜ். மேசைக்கடியில் ஒரு பூனையும் படுத்திருந்தது. அதைக் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை.

செல்லக்கண்ணுவின் நாற்று உப்பேறிக் கருகியிருந்தது. அவரும் தனராஜும் ஊர்க் கூட்டத்தில் ஒப்புக்கொண்ட பேச்சு இது: உப்பு எவர் நிலத்தில் மிகுதியோ, அவர் தம் நிலத்தில் இடம் விட்டு வடிகால் வெட்ட வேண்டும்.

பரஞ்சோதி இரு நிலங்களுக்கும் குறுக்கே ஒரே வரிசையாகப் பன்னிரண்டு பாத்தி பிரித்தார். குட்டைப் பக்கமிருந்து எண் தொடங்கியது; குட்டைப் பக்கம் ஆறு, வயல் பக்கம் ஆறு. ஒவ்வொரு பாத்தியின் நடுவிலும் முளை அடித்து, அங்கே மண் எடுத்து, எண் போட்ட டப்பாவில் அடைத்தார். அளந்த உப்பைக் கணினியில் ஏற்றினார். மென்பொருள் பாத்திக்கு ஒரு கட்டமாக வண்ணப் படம் தீட்டித் தந்தது. ஆறாம் கட்டம் மட்டும் செக்கச்செவேலென்று இருந்தது.

எல்லை தெரியட்டும் என்று, பாத்தி எண்ணுக்கு ஒரு கோடாகப் படத்தின் மேல் போடும்படி பரஞ்சோதி கணினிக்குச் சொன்னார். கோடுகள் கட்டங்களின் ஓரத்தில் விழவில்லை. ஒவ்வொரு கட்டத்தின் நடுவயிற்றிலும் விழுந்தன. ஆறு பாத்தி முடியும் இடம் என்பதால் ஆறாம் கோட்டையே நடு வரப்பாக அவர் வைத்திருந்தார். அது சிவப்பைச் சரிபாதியாகப் பிளந்துகொண்டு நின்றது.

“பாதி உன்னுது, பாதி என்னுது. ஆளுக்குப் பாதி வெட்டுவோம்,” என்றார் தனராஜ்.

“அப்ப கருகுன நாத்துலயும் பாதி எடுத்துக்கிறியா?” என்றார் செல்லக்கண்ணு.

பரஞ்சோதி அசரவில்லை. “அரைக் கட்டம்தான் பிசகு மேடம். படத்தை இழுத்து விட்டால் உட்கார்ந்துவிடும்.”

இடப்பக்கம் இழுத்தார். கோடும் ஓரமும் பொருந்தின. சிவப்பு குட்டை நிலத்துக்குள் போயிற்று.

“ஆங், இதுதான் சரி,” என்றார் செல்லக்கண்ணு.

வலப்பக்கம் இழுத்துப் பார்த்தார். அதுவும் மயிரிழை பிசகாமல் பொருந்தியது. சிவப்பு வயலுக்குள் வந்துவிட்டது.

“இது அதைவிடச் சரி,” என்றார் தனராஜ்.

“நீ சொல்ற பக்கமெல்லாம் இழுக்க இது என்ன உன் இறால் வலையா?”

பரஞ்சோதியின் கை அப்படியே நின்றது. நாளை ஊரில் காட்டப்போகும் படம் அது. அடியில் அவர் பெயர்தான் இருக்கும். இரண்டு பக்கமும் பொருந்துகிறதே!

“மேடம், எந்தப் பக்கம் இழுக்கட்டும்?”

காந்திமதி எழுந்தார். அலமாரியிலிருந்து மண் டப்பாக்களை எடுத்து, எண் வாரியாக மேசையில் அடுக்கினார். மூலையில் கிடந்த விளக்குமாற்றிலிருந்து ஈர்க்குகளை உருவி, பதின்மூன்று எண்ணிப் பரஞ்சோதியிடம் நீட்டினார்.

“கணினி எப்படிக் கோடு போட்டதோ, அதே மாதிரி இவற்றை வையுங்கள் ஐயா.”

டப்பாவுக்கு ஒன்றாக மூடிகளின் மேல் குறுக்கே வைத்துக்கொண்டு போனார்.

“கையில் மீதி?”

“ஒன்று.”

“ஆறாம் டப்பா எந்தப் பக்கம்?”

பரஞ்சோதி மூடியைப் பார்த்தார். அதன் நடுவே ஈர்க்கு கிடந்தது.

“டப்பாவை அறுத்தாத்தான் தெரியும்,” என்றார் செல்லக்கண்ணு.

“ஆறாம் முளையை எங்கே அடித்தீர்கள்?” என்றார் காந்திமதி.

“ஆறாம் பாத்தி நடுவில்.”

“வரப்பில் இல்லையே?”

“வரப்பில் போய் எதற்கு மேடம் அடிக்கப்போகிறேன்?” என்றபடியே ஆறாம் மூடியின் மேல் கிடந்த ஈர்க்கை எடுத்தார்.

யாரும் சொல்லாமலே மற்ற ஈர்க்குகளையும் பொறுக்கினார். முதல் டப்பாவுக்கு வெளியே ஒன்று வைத்தார். பிறகு இரண்டிரண்டு டப்பாக்களுக்கு இடையே ஒவ்வொன்று. கடைசி டப்பாவுக்கு அப்பால் ஒன்று. ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில் விழுந்ததுதான் வரப்பு. ஆறாம் டப்பா முழுசாகக் குட்டைப் பக்கம் இருந்தது.

தனராஜ் எட்டிப் பார்த்தார். காதைச் சொறிந்துகொண்டார்.

“ஆறாவது முளை அடிக்கறப்ப நான்தானே உங்களுக்குச் சுத்தியல் எடுத்துக் குடுத்தேன். என் இடம்தான் அது. திங்கக்கிழமை ஆள் விட்டு வெட்டிடறேன்.”

“சுத்தியலைக் குடுத்துட்டு இவ்வளவு நேரம் வாய்க்கு வாய் பேசினே பாரு,” என்றார் செல்லக்கண்ணு. அவர் குரலில் இப்போது சூடு இல்லை.

பரஞ்சோதி கணினிக்குத் திரும்பினார். இழுத்த படத்தைப் பழைய இடத்திலேயே விட்டார். எண்களையும் தொடவில்லை. கோடுகளை மட்டும் ஒன்றுக்குப் பதில் அரையில் தொடங்கி, பன்னிரண்டரையில் முடியும்படி போடச் சொன்னார். ஒவ்வொரு கட்டமும் தன் வரப்புக்குள் அடங்கியது.

ஆனாலும் அவருக்கு மனசு ஆறவில்லை.

“மேடம், கடைசிவரை நீங்கள் சொல்லவில்லை. படத்தை எந்தப் பக்கம்தான் இழுத்திருக்க வேண்டும்?”

காந்திமதி மேசையைக் காட்டினார்.

“டப்பா ஏதாவது நகர்ந்ததா ஐயா?”

“இல்லை.”

“ஈர்க்கு மீதி?”

பரஞ்சோதி தன் உள்ளங்கையை விரித்துப் பார்த்தார்.

சுழியம்.