காய்ந்த துணி

தூத்துக்குடியில் துறைமுகத்துக்குப் போகும் சாலையில், கார்களுக்குப் பாலிஷ் போடும் கொட்டகை வைத்திருந்தாள் இசக்கி. வயது முப்பத்தெட்டு. அவளிடம் தொழில் கற்க வந்த சிஷ்யருக்கு அறுபத்தைந்து. பெயர் வேதமாணிக்கம், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். கணக்கு வரவில்லை என்று ஒரு காலத்தில் இதே இசக்கியை வகுப்புக்கு வெளியே நிறுத்தியவர். இருவரும் அதை மறக்கவில்லை, பேசிக்கொண்டதும் இல்லை.

"வண்டிய விட்டுட்டுப் போங்க சார். நானே செஞ்சு தாரேன்" என்றாள் இசக்கி.

"இல்லம்மா, என் கையால செய்யணும். சனிக்கிழமை பியூலா வாரா."

பியூலா அவர் மகள். ஆறு வருடமாக வீட்டுப் பக்கம் வராதவள். கடைசியாக அவளை ரயிலேற்ற இந்தக் காரில்தான் கூட்டிப் போனார். அவள் உடுப்பு, வேலை, கட்டிக்கொள்ளப் போகும் பையன் என்று வழியெல்லாம் ஒவ்வொன்றாகக் குறை சொல்லிக்கொண்டே போனார். அவள் பாதி வழியில் வண்டியை நிறுத்தச் சொன்னாள்.

"நல்லதுக்குத்தான் சொல்றீங்கப்பா. ஆனா என்னால தாங்க முடியல" என்று இடது பக்கப் பின்கதவைத் திறந்து இறங்கிவிட்டாள். கல்யாணத்துக்குக்கூட அவரைக் கூப்பிடவில்லை.

இசக்கி காரை வெயிலில் நிறுத்தச் சொன்னாள். கருநீல வண்டி. மேலெல்லாம் நூலாம்படை மாதிரி வட்ட வட்டமாகக் கீறல்.

"இவ்வளவும் எப்படி வந்துச்சு?" அவருக்கே ஆச்சரியம்.

"வண்டிய எப்படித் துடைப்பீங்க?"

"தினமும் காலையில, மஞ்சத் துணியால. பதினாலு வருஷத்துல ஒரு நாள் தவறினதில்ல." சொல்லும்போது கொஞ்சம் பெருமை இருந்தது.

"தண்ணி ஊத்தாமலா?"

"தூசிதானே."

"அந்தத் தூசிய வச்சுத்தான் தேய்ச்சிருக்கீங்க சார்."

அவள் ஓஸ் பைப்பைத் திறந்து வண்டி மேல் தண்ணீர் விட்டாள். வாத்தியாரின் கை தானாகத் தோளில் கிடந்த துணிக்குப் போனது.

"கை வைக்காதீங்க. ஊறட்டும்."

"எவ்வளவு நேரம்?"

"காஞ்சு கிடக்கிற அழுக்கு தானா இளகுற வரைக்கும்."

பிறகு சோப்புப் போட்டுக் கழுவினார்கள். வண்டி பளிச்சென்று ஆனது. "இனி பாலிஷ்தானே?" என்றார் அவர்.

இசக்கி ஒரு மெல்லிய பாலிதீன் கவரை அவர் கையில் மாட்டினாள். "இப்பத் தடவிப் பாருங்க."

தடவினார். கவருக்குள் விரல்களுக்கு ரவை மாதிரி நெருடியது.

"கழுவின வண்டிதானேம்மா?"

"உப்பும் நிலக்கரித் தூசியும் பெயிண்ட்டுக்குள்ள குத்தி உக்காந்திருக்கு. வெறுங்கைக்குத் தெரியாது." பிசைந்த மாவு போன்ற ஒரு களிக்கட்டியைக் கொடுத்தாள். "சோப்புத் தண்ணி விட்டு இதால மெதுவா உருவுங்க. அழுத்தாதீங்க. கவர் போட்ட கைக்கு வழுக்கணும். அதுக்கப்புறம்தான் பாலிஷ்."

மூன்று நாள் உருவினார். வெள்ளிக்கிழமை மத்தியானம் இடது பக்கப் பின்கதவு மட்டும் பாக்கி. இசக்கி சாப்பிடப் போயிருந்தாள். ஒரு கதவுதானே என்று நினைத்தார் வாத்தியார். விடிந்தால் மகள் வந்துவிடுவாள். களிக்கட்டியை வைத்துவிட்டு பாலிஷ் மெஷினைப் போட்டார்.

கதவில் ஒட்டியிருந்த பொடியெல்லாம் மெஷினோடு சேர்ந்து சுற்றியது.

இசக்கி திரும்பி வந்தபோது அவர் கதவுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தார். கதவில் ஆழமாக, வெளுப்பாகக் கீறல்கள்.

"திட்டும்மா. நான் உன்னை எவ்வளவு திட்டியிருக்கேன்."

அவள் குனிந்து கீறல் மேல் விரல் நகத்தை ஓட்டிப் பார்த்தாள்.

"இந்தக் கீறலை எடுத்திர முடியுமா?"

"கீறலை எடுக்க முடியாது சார். சுத்தியிருக்கிற பெயிண்ட்டத் தேய்ச்சு அந்த ஆழத்துக்குக் கொண்டு வரணும். இந்தக் கதவுல அவ்வளவு பெயிண்ட் மிச்சமில்ல."

"மேல வேக்ஸ் பூசி மறைச்சா?"

"நாலு மழை தாங்கும். அப்புறம் தெரியும்."

அவர் கதவையே பார்த்தார். "நல்லதுக்குன்னுதானே தினமும் துடைச்சேன்" என்றார். சொன்ன பிறகுதான் தன் காதில் விழுந்தது. அழுதார். இத்தனை வருடம் கழித்து இப்போதுதான் தெரிகிறதே என்று அவருக்கு வெட்கமாகவும் இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்துச் சட்டைப் பையிலிருந்து நாலு தாள்களை எடுத்தார். மூன்று தடவை திருத்தி, அடித்தல் இல்லாமல் எழுதியிருந்தார்.

"மன்னிப்புதான் கேட்டிருக்கேன். அன்னைக்கு ஏன் அப்படிப் பேசினேன்னு விளக்கமும் இருக்கு. அவ வந்து இறங்கினதும் வாசிச்சுக் காட்டலாம்னு. நீ ஒரு தடவை பாரு. இதுல முதல்ல எதைச் சொல்லணும்?"

இசக்கி தாள்களை வாங்கவில்லை. ஓஸைத் திறந்து அந்தக் கதவின் மேல் தண்ணீர் விட்டாள். அவர் கை தோளுக்குப் போனது. அங்கே கிடந்த காய்ந்த துணியை அவள் எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டாள்.

"ஊறட்டும் சார்."

தண்ணீர் கதவில் வழிந்து இறங்கியது. அவர் தாள்களை மடித்துப் பையில் வைத்தார்.

"எவ்வளவு நேரம்மா?"

"ஆறு வருஷமாக் காஞ்சு கிடக்குதே சார்" என்றாள் இசக்கி.