கரடிக்கு வைத்த ஐஸ்

மிருகக்காட்சிசாலையில் கோடை விடுமுறை முகாமின் கடைசி நாள். முகாமுக்கு வந்த பன்னிரண்டு பிள்ளைகளும் தர்பூசணியையும் பேரீச்சம்பழத்தையும் வாளித் தண்ணீரில் போட்டு உறைய வைத்திருந்தார்கள். அந்த ஐஸ் கட்டி இப்போது கரடிக் கூண்டின் நடுவில், வெயிலில் பளபளத்துக்கொண்டிருந்தது. கரடி பவானி குகையை விட்டு வெளியே வரவில்லை.

பவானியைப் பராமரிக்கும் அங்கமுத்து குகை வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார். போன வருஷமும் அவள் வரவில்லை. பிள்ளைகள் அழுதுகொண்டே வீட்டுக்குப் போனார்கள். இந்தத் தடவையும் வராவிட்டால் ஐஸ் வேலையை நிறுத்திவிட்டு, பிள்ளைகளைப் படம் வரையச் சொல்லிவிடுவதாக அதிகாரி சொல்லியிருந்தார்.

“கரடி செத்துப்போச்சா அங்கிள்?” என்றான் அஃப்ரோஸ்.

“சேச்சே. பயந்து கெடக்கு தம்பி. போன வருஷ ஐஸை நெனச்சு.”

பிள்ளைகள் அவர் பக்கம் திரும்பினார்கள்.

“அது இந்த மாதிரி சுண்டைக்காய் ஐஸ் இல்ல. தண்ணி லாரியில ஊத்தி, உள்ள முழுப் பலாப்பழமா போட்டு, கிரேன் வச்சு இறக்கினோம். பவானி ஒரு நக்குதான் நக்குச்சு. நாக்கு ஒட்டிக்கிச்சு. மூணு நாள் ஐஸை இழுத்துக்கிட்டேதான் நடந்துச்சு.”

“மே மாசத்துல உருகாதா?” ஓரமாக நின்ற இரட்டைச் சடைக்காரி மெர்லின் கேட்டாள்.

“எப்படிப் பாப்பா உருகும்? வெயிலே குளிர் தாங்காம மதிலுக்கு அந்தப் பக்கம் போய் நின்னுடுச்சு. ஒட்டகச்சிவிங்கிக்கு ஜலதோஷம். காலையில கிளம்பின தும்மல் கழுத்தெல்லாம் ஏறி வெளிய வர்றதுக்குச் சாயங்காலம் ஆச்சு.”

“புளுகு,” என்றாள் மெர்லின்.

“முதலையைக் கேட்டுப் பாரு. அதுக்குப் பல்லு கிடுகிடுன்னு அடிச்சுக்கிட்ட சத்தத்துல, ஸ்கூல் திறந்துட்டாங்க, மணி அடிக்குதுன்னு புள்ளிமானெல்லாம் வரிசையில நின்னுடுச்சு.”

அங்கமுத்து ஓரக்கண்ணால் கூண்டைப் பார்த்தார். ஐஸ் பாதிதான் இருந்தது. குகை வாசலில் ஈ கூட இல்லை. தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

“அப்புறம்தான் பென்குயின் வந்துது.”

“எங்கேருந்து?”

“தென்துருவத்துலேருந்து. குளிர் வாடை அது வரைக்கும் போயிருக்கு. சொந்தக்காரங்க யாரோ இங்க இருக்காங்கன்னு குடும்பத்தோட கிளம்பிடுச்சு. டிக்கெட் கவுன்டர்ல ஒழுங்கா வரிசையில நின்னுது. கறுப்புக் கோட்டைப் பார்த்து வக்கீல்னு நெனச்சு வாட்ச்மேன் சல்யூட் அடிச்சான்.”

கூண்டுக்குள் பொத்தென்று ஒரு சத்தம். ஐஸ் பிளந்து தர்பூசணி உருண்டு ஓடியது. குகை இருட்டில் முதலில் ஒரு மூக்கு தெரிந்தது. பிறகு முழு பவானியும் ஓடி வந்தாள். பழத்தைக் கட்டிப்பிடித்து உட்கார்ந்து தின்றாள். பிள்ளைகள் கத்திய கத்தலில் அதிகாரியே வெளியே வந்து எட்டிப் பார்த்துச் சிரித்தார். அங்கமுத்து துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

மெர்லின் அவர் பக்கத்தில் வந்து நின்றாள்.

“போன வருஷ முகாமுக்கும் நான் வந்தேன் அங்கிள். கரடி வரவேயில்ல. ஐஸ் உருகினப்புறம் தர்பூசணியை நீங்கதான் தின்னீங்க.”

அங்கமுத்துவின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

“வந்திருந்தியா? அப்ப பென்குயினைப் பார்த்திருப்பியே?”

“பார்த்தேனே. எனக்கு முன்னாடிதான் நின்னுது. குட்டிக்கெல்லாம் அரை டிக்கெட்தான்னு கவுன்டர்ல ஒரே சண்டை,” என்றாள் மெர்லின், சிரிக்காமல். “உங்களைத்தான் சாட்சி சொல்லக் கூப்பிட்டுது. வாய் நெறையப் பழம் வச்சிருந்தீங்க, உங்களால பேச முடியல.”