இரண்டு ராஜா, ஒரு அண்டா ரசம்

அண்ணன் ராஜாவும் தம்பி ராஜாவும் அடித்துக்கொண்டு, நாடு பாதி எரிந்த பிறகுதான் சமாதானமானார்கள். ஒருவர் சம்மதிக்காமல் மற்றவர் கட்டளை செல்லாது என்று ஒப்பந்தம். சமையல்காரன் மாசானத்தின் ரசத்தில்கூட இருதரப்பு ஆட்களும் உரிமையோடு ஆளுக்கொரு கை உப்பைப் போட்டார்கள்.

விருந்தில் ஒரு வாய் குடித்ததும் அண்ணன் கத்தினார்: "இவன் தலையை வெட்டு!"

மாசானம் கும்பிட்டான். "உத்தரவு மகாராஜா. தம்பி ராஜாவும் சம்மதிக்கணுமே?"

முகம் சுளித்திருந்த தம்பி நிமிர்ந்தார். "மாட்டேன்! ரசம் அமிர்தம்!"

"அப்போ அண்டா முழுக்கத் தம்பி ராஜாவுக்கா?"

"விடுவேனா? எனக்குச் சரிபாதி!" என்றார் அண்ணன்.

மாசானம் அண்டா காலியாகும்வரை ஊற்றினான். அன்றுதான் அந்த நாட்டில் முதல் கூட்டுக் கட்டளை பிறந்தது.

"தண்ணீர்!"